முழுக்கை

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருந்த அனுசுயாவுக்கு ஏர் ஹோஸ்டஸ் ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. அப்பா செங்கல்வராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அம்மா கன்னியம்மா இன்னொரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறவள். ஏர்போர்ட் வாசலைக்கூட அந்த வீட்டில் ஒருத்தரும் மிதித்ததில்லை. பெண்ணோ பி.காம் முடித்த கையோடு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, கண்ணாடி முன் நின்று "வெல்கம் ஆன் போர்டு" என்று வாய் வலிக்கச் சொல்லிப் பழகினாள். தெருவே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் டில்லிபாபு.

டில்லி ஒரு பட்டறையில் வெல்டர். இரண்டு பேருக்கும் மூன்று வருஷக் காதல். ஓர் ஆடித் திருவிழாவில், கோயில் பக்கம் மிஷினோடு உட்கார்ந்திருந்தவனிடம் கையை நீட்டிப் பச்சை குத்திக்கொண்டார்கள். அவள் இடது கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே 'டில்லி'. அவன் வலது கையில் 'அனு'. அந்தத் தெருவில் பேரைக் குத்திக்கொண்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத டில்லியின் அம்மா சரசாகூட அனுசுயாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே இன்னா பண்றது. வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்றாள்.

அதிலேதான் வினை வந்து உட்கார்ந்தது. தை மாதம் ஒரு ஏர்லைன்ஸ் தேர்வு. உயரம், எடை, இங்கிலீஷ் எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். கடைசியில் கையைத் திருப்பிப் பார்த்த தேர்வுக்கார அம்மாள், "யூனிஃபார்ம் போட்டா இது வெளியே தெரியுமேம்மா. எடுத்துட்டு ஆவணியில வா" என்று அனுப்பிவிட்டாள்.

டில்லியிடம், ஆவணியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவன் மறுபேச்சு இல்லாமல் சரி என்றிருப்பான். சரி என்று சொல்லும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்க்கத் தெம்பில்லை. பைத்தியக்காரப் பெண்! மூன்று வருஷம் பழகியும் இந்த ஒரு இடத்தில் புத்தியைக் கோட்டை விட்டாள்.

அண்ணா நகரில் ஒரு கிளினிக்கில் லேசர். மாதம் ஒரு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் தோல் பொரிந்து கொப்புளம் கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆவடிக்கு ரயில் ஏறுவாள். அக்னி வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான். ஏன் என்று கேட்ட டில்லியிடம், "கறுத்துப் போயிடுவேன். அங்க நிறமெல்லாம் பாப்பாங்க" என்று வாய் கூசாமல் புளுகினாள். அவன் அதை நம்பி ஒரு குடை வாங்கிக் கொடுத்தான். அந்தக் குடையை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

ஆடி வந்தது. அவளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று அம்மனுக்கு டில்லி வேண்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பால்குடம் எடுக்கவேண்டும். இதற்கென்றே மஞ்சள் துணியில் முழுக்கை ஜாக்கெட் தைத்துக்கொண்டு காப்புக் கட்ட வந்து நின்றாள். பூசாரி மஞ்சள் கயிற்றோடு நெருங்கியதும் சரசா ஆசையாகப் பக்கத்தில் வந்தாள்.

"கைய நீட்டு கண்ணு. துணியெல்லாம் மஞ்சத்தண்ணி ஆவப் போவுது" என்று அவளே ஜாக்கெட் கையைச் சரசரவென மேலே ஏற்றிவிட்டாள்.

பேர் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த தோல் மட்டும் இருந்தது. சரசாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"உசுரோட கீறவன் பேர யாராவது அழிப்பாங்களாடி?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அனுசுயா டில்லியைப் பார்த்தாள். அவன் அவள் கையை மெதுவாகத் தொட்டான்.

"ரொம்ப வலிச்சிச்சா?"

அவள் தலையாட்டினாள். வேலைக்கு அழிக்கச் சொன்னார்கள் என்றாள்.

"என்னாண்ட சொல்லியிருந்தா நானே இட்டுக்கினு போயிருப்பனே அனு. அழிச்சதுகூடப் பரவால்ல. ஆறு மாசம் என்னாண்டயே மறைச்ச பாரு."

அவளுக்குக் காப்புக் கட்டச் சரசா சம்மதிக்கவில்லை. டில்லி தனியாகப் பால்குடம் எடுத்தான். வேண்டுதல் அவளுக்காகத்தானே, அதை அவன் பாக்கி வைக்கவில்லை. ஆவணியில் அவளுக்கு வேலை கிடைத்தது. போஸ்டிங் ஹைதராபாத். போவதற்குமுன் எத்தனை தடவை போன் பண்ணினாலும் அவன் எடுக்கவில்லை. சரசா அடுத்த தையில் சொந்தத்தில் பெண் பார்த்து அவனுக்குக் கட்டி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கன்னியம்மா பாத்திரம் துலக்கப் போகவில்லை. சிரித்த தெருவே இப்போது தன் பெண்களுக்கு அனுசுயாவிடம் யோசனை கேட்டது. அவளும் மேகத்துக்கு மேலே நின்றுகொண்டு யார் யாருக்கோ சிரித்துத் தண்ணீர் கொடுத்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தனியாக இருக்கும்போது அந்த வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தாள். சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி, ஆவடி ஸ்டேஷன். நாலு அடி தள்ளி பெஞ்சில் டில்லி உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை, பக்கத்தில் பெண்டாட்டி. அவன் அனுசுயாவைக் கவனிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்திருந்தது. ஆனால் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன்கூடப் போட்டிருந்தான்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்கு முழுக்கை? மடிச்சி உட்டுக்கயேன்" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும்" என்றான் அவன்.

அனுசுயாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கையில் அவள் பேர் இன்னும் இருக்கிறது. ரயில் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள். அவள் போகவேண்டிய ரயிலும் அதுதான், அவள் ஏறவில்லை.