ஆறடித் தொட்டிக்கு எத்தனை மீன்

செல்வமேரி பிறந்தது பூனாவின் தாபோடியில், வாழ்க்கைப்பட்டது அதே ஊர் வானவடியில். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ராணுவக் கல்லூரிப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர் அவளுடைய அப்பா. கணவர் டேனியல் வெல்டர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான் என்றாலும், வானவடியில் குழந்தைகள் டாக்டர் பேந்த்ரேயின் கிளினிக்கைப் பதினாறு வருடமாக அவள்தான் நடத்திவந்தாள் என்று சொன்னால் டாக்டரே மறுக்கமாட்டார். டோக்கன் கொடுப்பது, குழந்தையை எடை பார்ப்பது, போன் எடுப்பது எல்லாம் அவள். எந்தப் பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்று நோட்டைத் திறக்காமலே சொல்வாள். அப்பேர்ப்பட்டவளை 2003இல் ஒரு சின்னக் கேள்வி படாதபாடு படுத்திவிட்டது.

அந்த ஜூனில் பக்கத்து ராணுவக் குடியிருப்பிலிருந்து ஒரு கர்னல் அஸ்ஸாமுக்கு மாற்றலாகிப் போனார். தன் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த நன்றிக்கு, தன்னிடமிருந்த ஆறடிக் கண்ணாடித் தொட்டியை டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். கடல்மீன் வளர்க்கிற தொட்டி. பாறைகள், மணல், பம்பு, உப்புப் பை எல்லாம் வந்தன, மீனைத் தவிர. நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் அதை வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மேரி, இது இனிமே உன் பொறுப்பு. எத்தனை மீன் விடலாம்னு விசாரிச்சுச் சொல்லு."

சின்ன வேலை என்றுதான் நினைத்தாள். சனிக்கிழமை மதியம் கேம்ப் பகுதியில் இருந்த காசிமின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனாள். காசிமின் குடும்பம் ஆம்பூரிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகப் பூனாவில் இருக்கிறது.

"உப்புத் தண்ணிய கலக்கி ஊத்திட்டு ஒரு மாசம் சும்மா ஓடவிடுங்கக்கா. அப்புறம் பிந்தாஸ், கவலையே படாம இருபத்தஞ்சு போடலாம். ஆறடி டேங்க்கு இல்லயா?"

இருபத்தைந்து என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே மகள் ஜெனிபர் நெட் கஃபேயிலிருந்து நாலு பக்கம் அச்செடுத்து வந்தாள்.

"அம்மா, இதுல அஞ்சு கேலன் தண்ணிக்கு ஒரு இஞ்ச் மீன்னு இருக்கு. மத்லப், அதாவது மீன எண்ணக் கூடாது, அளக்கணும்."

"மீன அளக்கதா? ஸ்கேல் வச்சா?"

டேனியல் ஒரு டேப்பை எடுத்துப்போய்த் தொட்டியை அளந்து, அறுநூற்றெண்பது லிட்டர் என்று கணக்குப் போட்டார். பாறையும் மணலும் அடைத்துக்கொள்வதைக் கழித்தால் ஐந்நூறு. அதைக் கேலனாக்கும்போதுதான் வம்பு வந்தது. அமெரிக்கக் கேலன் வேறு, இங்கிலாந்துக் கேலன் வேறு. ஒன்றில் மொத்தம் இருபத்தாறு அங்குல மீன் வந்தது, இன்னொன்றில் இருபத்திரண்டு. அதுவும் போகட்டும் என்றால், கடையில் இரண்டு அங்குலமாக நீந்துகிற நீல டாங் மீன் வளர்ந்தால் பத்து அங்குலத்தைத் தாண்டும் என்று மூன்றாவது பக்கத்தில் போட்டிருந்தது.

"இப்ப உள்ள இஞ்சா, வளந்தப்புறம் உள்ள இஞ்சா?" என்று கேட்டாள் செல்வமேரி. ஜெனிபர் நாலு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். அதை யாரும் எழுதியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் யாரோ ஒருவர், இத்தனை பெரிய தொட்டிக்கும் ஆறு மீன் போதும் என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

ஆறா, இருபத்தைந்தா? பஸ்ஸில் வரும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் இதே யோசனை. "ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க. யார நம்ப?" என்று டேனியலிடம் அலுத்துக்கொண்டாள். கடைசியில் ஆகஸ்டில், எதற்கும் இருக்கட்டும் என்று ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டை மட்டும் விட்டாள். அவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. தாய்மார்கள் சிரித்தார்கள். "மேரிதாயி, மத்த மீனெல்லாம் லீவா?" என்று மராத்திக்காரி ஒருத்தி கேட்டாள்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மும்பை வியாபாரி ஒருவரிடம் சொல்லி, ஒரு நீல டாங் உட்படப் பதினெட்டு மீன்களை ஒன்றாக வரவழைத்துவிட்டார். செல்வமேரி தடுக்க நினைத்தாள். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? அவளிடமே சரியான எண் கிடையாது. மீன் வந்த பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மூன்று நாள் ஹால் கலகலத்தது. ஊசிக்கு அழுத பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றன. நாம்தான் வீணாகப் பயந்தோமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. நாலாம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கியது. ஐந்தாம் நாள் காலை கதவைத் திறந்தபோது மூன்று மீன் செத்துக் கிடந்தன. கழிவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் சொட்டு மருந்தைக் குப்பியில் எடுத்த தண்ணீரில் விட்டால் அது பச்சையாகிப் பயமுறுத்தியது. வாளி வாளியாகப் பழைய தண்ணீரை எடுத்துப் புதுசு ஊற்றினாள். மறுநாள் மருந்து மஞ்சளாக, எல்லாம் சரி என்றது. அன்றைக்கும் மூன்று செத்தன.

இதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. கணக்குப்படி முதலில் போக வேண்டியது பெரிய டாங். அதுவோ அலட்டிக்கொள்ளாமல் பாறைப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. போனதெல்லாம் விரல்நீள மீன்கள். மிச்சத்தில் பாதி பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. டாக்டர் ஏதோ மாநாட்டுக்காக நாக்பூர் போயிருந்தார். வலைக்கரண்டியோடு தொட்டி முன்னால் நின்ற செல்வமேரிக்கு அழுகை முட்டியது. எடை குறைந்த குழந்தையைத் தராசில் கிடத்தும்போது வருகிற அதே பயம். அங்கேயாவது உள்ளே ஒரு டாக்டர் இருப்பார்.

யாரையும் கேட்காமல் அவள் ஒரு காரியம் செய்தாள். தொட்டியில் ஏழு டாம்சல் மீன்கள் இருந்தன. நீலமாக, அழகாக, மற்றவற்றைத் துரத்திக்கொண்டே திரிந்தன. ஏழையும் பிடித்து இரண்டு பைகளில் போட்டு, மழையில் ஆட்டோ பிடித்துக் காசிமிடம் போனாள்.

"திருப்பி எடுத்துக்கோ தம்பி. காசு வேண்டாம்."

"சரிக்கா. ஆனா இதுங்க கெட்டியான மீனு, லேசுல சாகாது. சாகுறத வச்சுக்கிட்டு இதக் கொண்டாந்துட்டீங்களே?"

திரும்பி வரும் வழியெல்லாம் தவறு செய்துவிட்டோமா என்றே நினைத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி தொட்டி முன்னால் நின்றவர் முகம் மலர்ந்தது.

"அட, புதுசா மீன் வாங்கினியா? முன்ன விட நிறையத் தெரியுதே."

ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே வந்து தொட்டி முழுக்க நீந்திக்கொண்டிருந்தன. ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

"இல்ல டாக்டர். ஆறு செத்துப்போச்சு. ஏழ நான் கடைக்காரர்ட்ட குடுத்துட்டேன். இப்ப இருக்கது ஏழுதான்."

டாக்டர் நம்பாமல் எண்ணினார். எட்டு வந்தது. மறுபடி எண்ணினார், ஆறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையில் ஏழைப் பிடித்தார். கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"சரி, இருக்கட்டும். ஆனா ஏன் ஏழு?"

"தெரியல டாக்டர்."

"இனிமே உன்னைக் கேக்காம ஒண்ணும் வாங்கல" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் போனார்.

அந்த ஏழும் பிழைத்துக்கொண்டன. இரண்டு வருடத்தில் டாங் கையளவு வளர்ந்தபோது, ஏழு இப்போது அதிகமோ என்று செல்வமேரிக்கு மறுபடி தூக்கம் கெட்டது. டாங் காசிம் கடையின் பெரிய தொட்டிக்குப் போனது. ஆறானது. அது குறைவோ என்று கொஞ்ச நாள் யோசித்து, பிறகு விட்டுவிட்டாள்.

2006இல் ஒருநாள் கிளினிக்குக்குக் காசிம் போன் செய்தான். ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் ஆறடித் தொட்டி வாங்கியிருக்கிறாராம்.

"எத்தன போடலாம்னு கேக்குறாருக்கா. எனக்கு இப்பல்லாம் சொல்லவே பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க."

செல்வமேரி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எடை மேசையில் கிடந்த குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது தம்பி. ரெண்டு விடச் சொல்லு. ஒரு மாசம் பாத்துட்டு, அப்புறமா இன்னொண்ணு விடலாமான்னு கேக்கச் சொல்லு."

"அப்புறம் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"அப்பயும் எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.