கட்டையின் கடைசி ஐம்பது ஓவர்

என் வீட்டுக்காரருக்குக் கட்டை என்று பெயர். கிரிக்கெட்டில் எந்தப் பந்து வந்தாலும் மட்டையை நட்டுக் கட்டை போடுவார். பஸ் டிப்போ மெக்கானிக். துருப்பிடித்த போல்ட்டோடு அரை நாள் மல்லுக்கு நிற்பார், சுத்தியலைத் தொட மாட்டார். அந்தப் பொறுமைதான் மைதானத்திலும்.

அவரை டீமிலிருந்து தூக்கியது வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான், டீமுக்குக் கேப்டன் வேறு. டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னானாம்: "மாமா, ஒன்டே செத்துப் போச்சு. இனிமே எல்லாம் இருபது ஓவர்தான். வேர்ல்டு கப் வருதுல்ல, வீட்ல உக்காந்து டிவில பாருங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை. தம்பியாம் தம்பி! "அவன் மூக்கை உடைக்காம விடாதீங்க" என்றேன்.

உடைக்க ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் ஊர் ஐம்பது ஓவர் கோப்பை. அதற்கும் கிரிக்கெட் சங்கத் தலைவர் நிபந்தனை போட்டுவிட்டார்: "இந்த ஃபைனலுக்குக் கூட்டம் கடைசிவரை நின்னா அடுத்த வருஷமும் உண்டு. இல்லன்னா மூட்டை கட்டிருவோம்." இவருக்கு இருபது ஓவர் டீமில் எவன் இடம் கொடுப்பான்? அந்தக் கோப்பை போனால் இவர் மட்டையை அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

இவர் டிப்போ டீமில் சேர்ந்தார். ஃபைனலில் எதிரே வந்து நின்றது என் தம்பியின் டீம்தான்.

தம்பி பசங்கள் இருபது ஓவர் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி, ஐம்பதில் பாதி ஓவர்கூட ஆடாமல் சுருண்டார்கள். நூற்றுச் சொச்சம் ரன்தான். இவர் நினைத்தால் வெயில் ஏறுமுன் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஒருவர் பத்து ஓவருக்கு மேல் போடக் கூடாது. தம்பி இருபது ஓவர் நினைப்பில், தன்னை விட்டால் நாலே பௌலர்களைக் கூட்டி வந்திருந்தான். நாற்பது ஓவரை ஓட்டிவிட்டால் பந்தை அவனே எடுத்தாக வேண்டும். அதற்காகவே இவர் கட்டை போட்டார். டொக், டொக், டொக். எதிர்முனையில் ஆட்கள் அவுட்டாகிப் போனார்கள், இவர் அசையவில்லை.

"அவசரமே இல்லங்க! நல்லா வெயில்ல காயட்டும்!" என்று பெஞ்சிலிருந்து கத்தினேன்.

ஜனங்கள் முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள். போகட்டும், எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

கடைசியில் தம்பி பந்தோடு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. முதல் பந்தே அவன் தலைக்கு மேலே போய்ச் சுவருக்கு அப்பால் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஆட்டம் முடிந்தது. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கை வலிக்கத் தட்டினேன்.

இவர் மட்டையை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். இருபது வருஷத்தில் இவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"அடுத்த வருஷமும் இதே வெயில்ல உன்ன நிக்க வைப்பேன்டா!"

தம்பிக்குக் கோபம் வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு காலியாகக் கிடந்த பெஞ்சுகளைக் கை காட்டினான். அங்கே தலைவர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த அடுத்த வருஷம், மாமா?"

நான் கை தட்டுவதை நிறுத்தினேன். மைதானத்தில் வேறு யாரும் தட்டவில்லை.