பக்கத்து சீட் காலியாக இருந்த நாள்

செங்கம் ரோட்டில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஜானி பாஷா, 1981 மழைக்காலத்தில் படி வழுக்கி விழுந்தார். அதற்கப்புறம் வலது முழங்கால் சரியாக மடங்கவில்லை. டீக்கடைகளுக்கு பன் கொண்டுபோகிற பழைய பியட் கார் வாசலிலேயே நின்றது. டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மனைவி வஜீதா, "நான் ஓட்டறேங்க" என்றாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சைக்கிள்கூட மிதித்ததில்லை. பாஷா சிரிக்கவில்லை, மறுநாளே போட்டோ எடுக்க அழைத்துப் போனார். பழகுவதற்கான எல்.எல்.ஆர். வந்ததும் காருக்கு முன்னும் பின்னும் சிவப்பு எல் பலகை மாட்டினார்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் சக்கரவர்த்தி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பழகுறவங்க ஓட்டலாம்மா, தப்பில்ல. ஆனா லைசென்ஸ் இருக்கிற பாய் பக்கத்துல உட்காரணும். இல்லாம எதுனா ஆச்சுன்னா கம்பெனி கைய விரிச்சிடும்."

இரண்டு மாதம் அப்படியே நடந்தது. பாஷா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து "கிளச்சு, கிளச்சு" என்பார். அவள் ஓட்டுவாள்.

ஒரு பௌர்ணமியன்று அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. கிரிவலக் கூட்டம் வரும், அடி அண்ணாமலை டீக்கடைக்கு பன் போயாகவேண்டும். "வாணாம், போவாத" என்றார். "தோ போயிட்டு வந்துடறேன்" என்று வஜீதா வண்டியை எடுத்துவிட்டாள்.

போனது சுலபமாக இருந்தது. திரும்பும்போது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியது. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். ஓரமாகப் புல்லுக்கட்டோடு நடந்துகொண்டிருந்த, அந்த ஊர்க்காரி காசியம்மாள் மேல் வண்டி உரசி, அந்த அம்மாள் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. வஜீதா மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. வந்த டாக்ஸியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சாயந்தரம் சக்கரவர்த்தி வந்தார். குரலைத் தாழ்த்தி, "பாய் பக்கத்துல இருந்தார்னு எழுதிடலாமா? யார் பார்த்தா?" என்று கேட்டார்.

பாஷா மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"காசியம்மா பார்த்தாங்க. நானும் பார்த்தேன்" என்றாள் வஜீதா. "தனியாதான் போனேன்னு எழுதுங்க."

கம்பெனி கையை விரித்தது. வைத்தியச் செலவு மொத்தமும் இவர்கள் தலையில் விழுந்தது. கட்டுப் பிரிக்கிறவரை வஜீதா தினமும் அடி அண்ணாமலைக்கு நடந்துபோய், காசியம்மாளின் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டாள். பால் கறக்கத்தான் வரவில்லை. மடியைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து, கட்டுப்போட்ட கையோடு காசியம்மாள் சிரித்தாள்.

"நடந்தே வர்றியே, காரு என்னாச்சு?"

"அவருக்கு இன்னும் வீக்கம் வத்தலம்மா. தனியா எடுக்க மாட்டேன்."

"அந்தக் கன்னுக்குட்டி சடையன் வூட்டுது. நான் அவனையும் ஒரு பிடி பிடிச்சுட்டேன்" என்றாள் காசியம்மாள்.

பாஷாவுக்கு வீக்கம் வற்றியது. மறுபடி பழகினாள். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னபோது கம்பத்தில் இடித்து, தோற்றுத் திரும்பினாள். அடுத்த மாதம் தேறினாள்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள், எல் பலகையைக் கழற்றிவிட்டு, பன் கூடைகளை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். பயமாகத்தான் இருந்தது. அவ்வளவு மெதுவாகப் போனதில் சைக்கிள்காரர்கள் எல்லாரும் அவளை முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.