கண்ணாடி சுருங்குமா?

போன வாரம் திருமானூர் சந்தையில் ஒரு சண்டை பார்த்தேன். வளையல் கடை பாய்க்கும் கனகம் என்கிற அம்மாளுக்கும்.

ஆனால் அது இரண்டாவது சண்டை. முதல் சண்டை ஆவணியில் நடந்தது. எதையும் வரிசைப்படி சொல்லித்தான் எனக்குப் பழக்கம்... எனவே ஆவணி முதலில்.

என் மனைவி சுகாதார நர்ஸ். சந்தையன்று பஞ்சாயத்துக் கட்டடத்தில் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பாள். எனக்குப் பள்ளி விடுமுறை என்றால் பிரஷர் பார்க்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அன்று ஜன்னலுக்கு வெளியே ஒரே இரைச்சல்.

"ஏம் பாய், என்னய ஏமாத்து, போவட்டும். வயித்துல இருக்குற புள்ளய ஏமாத்தலாமா? வளையல் சத்தம் கேட்டு வளர வேண்டிய புள்ள! கைய ஆட்டிக் காட்டுடி செல்வி!"

மருமகள் செல்வி கையை ஆட்டினாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். சத்தமே இல்லை.

"வளைகாப்பன்னைக்குக் கலகலன்னு கேட்டுச்சேக்கா! நான்தானே போட்டுவுட்டேன்?"

"அப்ப கண்ணாடி சுருங்கிப்போச்சா?"

"கண்ணாடி எங்கயாச்சும் சுருங்குமாக்கா?"

"வெள்ளிக்கிழம இவளச் செந்துறைக்கு, ஆத்தா வூட்டுக்கு அனுப்பணும். சம்மந்தி பாத்தா என்ன சொல்லுவா? பத்தாத வளையலப் போட்டு அனுப்பிட்டா கஞ்சப்பிசினாறின்னு சொல்ல மாட்டா?"

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்து வெளியே போனாள். கண்ணாடி சுருங்காது என்றால்... கைதானே பெருத்திருக்க வேண்டும்?

செல்வியின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இந்தப் பொண்ண ஏம்மா செக்கப்புக்குக் கூட்டியாரல?"

"செக்கப்பு நோஞ்சானுக்குத்தானேங்க? எம் மருமவ எப்படிப் பூரிச்சு நிக்கிறா பாருங்க!"

"தலை வலிக்குதா செல்வி?"

"ரெண்டு நாளா வலிக்குதுங்க. கண்ணு முன்னால பூச்சி பறக்குறாப்புல இருக்கு."

பிரஷர் பார்த்தாள். உடனே பெட்டியை மூடினாள். "அடுத்த பஸ்ஸுல தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. நானும் வரேன்" என்றாள். அதற்கு முன் வளையல்களைக் கழற்றியாக வேண்டும். கை இன்னும் வீங்கினால் இறுகிவிடும்.

அவ்வளவுதான், கனகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பிரசவத்துக்கு முன்னாடி வளையல ஒடைக்கிறதா? எம் மவன் நல்லாருக்க வேணாமா?"

"ஒடைக்க வேணாம்க்கா. சோப்பு இருக்கு" என்றார் பாய்.

சற்று முன்புவரை மோசடிக்காரராக இருந்தவர், நுரை தடவி ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். ஒன்றுகூட உடையவில்லை. கை மூளியாக இருக்கக் கூடாதே என்று பெரிய அளவில் இரண்டு வளையல்களைப் போட்டும் விட்டார். காசு வாங்கவில்லை.

மறுநாள் திரும்பி வந்த பிறகுதான் மனைவி என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். பிரஷர் அவ்வளவு ஏறியிருந்ததாம்; வெள்ளிக்கிழமை வரை விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும். தாயும் தங்கியிருக்க மாட்டாள், பிள்ளையும் தங்கியிருக்காது.

எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஜனங்களுக்குக் கண் கூர்மை. வியாதியை யாருக்கும் முந்திக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புகாரைத்தான் தப்பான இடத்தில் கொடுக்கிறார்கள்! நான்கூட இடுப்பில் வேட்டி நிற்காதபோது நெசவாளியைத்தானே திட்டுகிறேன்?

செல்விக்கு ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் பாட்டியைப் போல. அதன் பிறகும் என் மனைவி அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரஷர் பார்த்தாள்.

"புள்ளதான் பொறந்துருச்சே, இன்னும் எதுக்குங்க கையில பட்டை கட்டுறீங்க?" என்றாராம் கனகம்.

"புள்ள எறங்கிருச்சும்மா. பிரஷர் எறங்க வேணாமா?"

கடைசியில் அதுவும் இறங்கியது. வீக்கமும் வடிந்தது.

இனி போன வாரத்துச் சண்டை. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டது. செல்வி குழந்தையோடு ஓரமாக நிற்கிறாள். கனகம் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். அந்த இரண்டு பெரிய வளையல்களும் லொடலொடவென்று முழங்கைக்கு ஓடுகின்றன.

"இது என்னா அளவு பாய்? எங்கள ஏமாத்தறதே ஒனக்குப் பொழப்பாப் போச்சா?"

பாய் பரிதாபமாக என் மனைவியைப் பார்த்தார்.

அவள் செல்வியின் கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை.

"இந்தச் சண்ட நல்ல சண்ட பாய். நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு நடந்துவிட்டாள்.