ஸ்வர்ணா ஒரு தடவைதான் வாசித்தாள்

ஸ்வர்ணா கலிபோர்னியாவின் டப்ளினில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி பேண்டில் சேரப் போன அன்று ஃப்ளூட், கிளாரினெட் எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் கிடந்தது ட்யூபா. மடியில் வைத்துக் கட்டிக்கொண்டால் ஆளையே மறைத்துவிடும் பித்தளை வாத்தியம். "வயலின் கத்துக்கலாமே கண்ணு" என்று சொல்லிப் பார்த்த அம்மா நாகலக்ஷ்மியே கடைசியில் அதை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனாள்.

பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முப்பது பேர் இருப்பார்கள். ட்யூபாவுக்கு ஒரே நாற்காலி. அதில் இருப்பவர் ஓய்வு பெற வேண்டும், இல்லை சாக வேண்டும். மில்பிடாஸில் ஒரு பள்ளியில் பேண்ட் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, எங்கே இடம் காலியானாலும் ஸ்வர்ணா ஓடினாள். போன இடமெல்லாம் தோல்விதான். முப்பதைத் தாண்டிய பிறகு டெக்சாஸிலிருந்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கூப்பிட்டது. அம்மாவும் கூட வந்தாள்.

மேடையின் குறுக்கே கறுப்புத் திரை. வாசிப்பது யாரென்று அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவுக்குத் தெரியக் கூடாது. செருப்புச் சத்தம்கூடக் கேட்காதபடி கம்பளம் விரித்திருந்தார்கள். அன்று மத்தியானம் ஸ்வர்ணாதான் கடைசி ஆள். எல்லாம் நன்றாகப் போயிற்று, கடைசிப் பகுதி வரை. மெதுவாகத் தேய்ந்து அடங்க வேண்டிய அந்த நீண்ட சுரம் நடுவில் பிசிறிவிட்டது. அவ்வளவுதான் என்று ட்யூபாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "மொதல்ல சொதப்பிட்டே. ரெண்டாவது தடவை என்னமா வாசிச்சே கண்ணு! எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"ரெண்டாவது தடவையா? ஒன்ஸ்தான்மா வாசிச்சேன்."

"போடி. என் காதால கேட்டேன்."

அம்மாவுக்கு ஏதோ பிரமை என்றுதான் நினைத்தாள். சற்று நேரத்தில் குழுத் தலைவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "இடம் உனக்குத்தான். நீ பிசிறினதும் நாங்கள் எழுந்திருக்கவே போனோம். நல்லவேளை, நீயாகவே மறுபடி வாசித்தாய்."

ஸ்வர்ணா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முழங்கையைக் கிள்ளினாள். "வந்ததை வேண்டாம்னு சொல்லாதே." ஆனாலும் சொல்லிவிட்டாள். "நான் மறுபடி வாசிக்கவில்லை. அது நானில்லை."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. திரையை எடுத்துவிட்டு எல்லோர் கண்முன்னும் வாசிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை பிசிறில்லை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் இசை இயக்குநர் குழுவிலிருந்து எழுந்து மேடையருகே வந்தார். "நாங்கள் கேட்டது இது இல்லை. ஆனால் இதுவே போதும், வா" என்றார்.

வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ட்ராம்போன் வாசிக்கும் கிரேஸ் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவள். ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஸ்வர்ணா கேட்டாள், "எனக்கு முன்னாடி இங்கே இருந்தவர் எப்படி?"

"வெஸ்லியா? நல்ல மனுஷன். ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் எல்லாரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து கடைசிப் பகுதியை மறுபடி ஒரு தரம் வாசிப்பார். போன வருஷம் ஒரு ஒத்திகை முடிந்து, இந்த நாற்காலியிலேயே போய்விட்டார்."

அதிலிருந்து ஸ்வர்ணா ஒத்திகை முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். பத்திரிகைகள் அவளைப் பாராட்டி எழுதின. அவள் சுரங்களை முடிக்கிற விதத்தில் ஒரு குளிர்ந்த அமைதி இருப்பதாக. அவள் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவாள். அதில் எது தன்னுடையது?

சந்தேகம் தீர வீட்டில் வாசித்து ஃபோனில் ரெக்கார்ட் பண்ணிக் கேட்டாள். கொஞ்சம் கரகரப்பு, முடிவில் லேசான அவசரம். பள்ளி நாளிலிருந்து அவளுக்குப் பழக்கமான அவளுடைய வாசிப்பு. நிம்மதியாக இருந்தது. வாராவாரம் அப்படிக் கேட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, பளிச்சென்று வெயில். வாசித்துவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டாள். கரகரப்பைக் காணோம். அவசரத்தையும் காணோம். சுரம் தேய்ந்து, தேய்ந்து, யாரோ அணைத்துக் கீழே வைப்பதுபோல அடங்கியது.

ரெக்கார்டிங்கை அணைத்துவிட்டு, டப்ளினில் இருக்கும் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள். "அம்மா, கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்."

"ஏன் கண்ணு, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தனியா இருக்க வேண்டாம்னு பாக்கறேன்."

"நாளைக்கே டிக்கெட் போடறேன்" என்றாள் அம்மா. பிறகு, "யாரு அங்க வாசிக்கிறது? டிவியா?" என்றாள்.