செலஸ்ரீனா அக்காவின் மூன்று வயது

செலஸ்ரீனா அக்காவிடம் வயதைக் கேட்டால் ஐம்பத்தொன்பது என்பார். அடையாள அட்டையில் அறுபத்திரண்டு. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. புதிதாக எழுதிக் கொடுத்த கிராம அலுவலர், அந்த ஊர் விதானையார், ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஓர் ஆண்டைப் போட்டுவிட்டார். "என்னைக் கிழவியாக்கிப்போட்டுது அந்தாள்" என்று இத்தாலியின் பலெர்மோ நகரில் முப்பது வருடமாக அக்கா திட்டுகிறார். நான் துஷாந்தி, அவருடன் வேலை செய்பவள். அந்தத் திட்டில் பாதியைக் கேட்டது என் காதுதான்.

நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்வது எங்கள் வேலை. தேர்தல் முடிந்தால் அங்கே அமைக்கும் வாக்குச்சாவடி அறையைக் கூட்டுவதும் நாங்கள்தான். அங்கே கிடக்கும் நீண்ட மேசையைத் துடைக்கும்போதெல்லாம், "ஒருநாள் இதிலை இருந்து வாக்கு எண்ணுவன், பாரடி" என்பார் அக்கா. குடியுரிமை கிடைத்த கையோடு சாவடி அலுவலர் பட்டியலில் பெயர் கொடுத்தார். மூன்று தேர்தல் வந்து போயின. ஒருமுறையாவது கூப்பிட்டார்களா? இல்லை.

அக்கா விடுகிற ஆளா? சுவரில் ஒட்டியிருந்த விதிகளைத் தூசி தட்டும் சாட்டில் வாசித்து ஒன்றைப் பிடித்துவிட்டார். அலுவலர் ஒருவர் வராவிட்டால், அங்கே நிற்கும் வாக்காளர்களில் மூத்தவரைச் சாவடித் தலைவர் அழைக்க வேண்டும். இன்னொருவரும் வராவிட்டால் இளையவரை. எழுத வாசிக்கத் தெரிந்தால் போதும்.

வாக்களிப்புக்கு முந்தின சனிக்கிழமை, சாவடி அமைக்கும் நாள். பின்னேரம் நாலு மணிக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். என்னிடம் இருப்பது வதிவிட அனுமதி மட்டும், வாக்கு இல்லை. ஆனாலும் என் நெஞ்சுதான் அதிகமாக அடித்தது. உள்ளே அலுவலர்களுக்கான ஒரு கதிரை காலி. கால் மணி, அரை மணி, ஆள் வரவில்லை. தலைவி எமிலியானா, ஓர் இளம் வழக்கறிஞர், வெளியே வந்தார். எங்களைத் தவிர அங்கே நின்றது சந்தையில் மீன் விற்பவர் ஒருவர்தான். அவருக்கும் அந்தக் கதிரையில் கண்.

வயதைக் கேட்டார் தலைவி. "அறுபத்தொன்று" என்றார் மீன்காரர்.

"ஐம்பத்தொன்பது" என்றார் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தலைவி மீன்காரர் பக்கம் திரும்பிவிட்டார்.

"வாயைப் பொத்திக்கொண்டு அட்டையைக் குடுங்கோ அக்கா!"

"அது பிழையான வயதெடி."

"அந்தப் பிழைக்கு முப்பது வருஷம் நான் பேச்சுக் கேட்டனான். இண்டைக்காவது உதவட்டும்."

அக்கா அட்டையை நீட்டினார். நீட்டியவர் சும்மா இருந்தாரா? விதானையார் கதை முழுவதையும் இத்தாலிய மொழியில் தலைவியிடம் ஒப்புவித்தார். நான் தலையில் கை வைத்தேன். தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் முன்னால் இருப்பது அட்டை மட்டும்தான், அதிலுள்ள வயதுதான் தனக்குக் கணக்கு என்றார்.

மீன்காரர் விடவில்லை. இந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பாமலேயே அந்த விதியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை சொன்னார். மனிதர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டு நடையைக் கட்டினார். அக்கா போய் அமர்ந்தபோது நான் வாசலில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

திங்கட்கிழமை எண்ணிக்கை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, வாளியும் தும்புத்தடியுமாக நான் உள்ளே போனேன். கழுத்தில் அலுவலர் அட்டையோடு அக்கா மட்டும் இன்னும் அந்தக் கதிரையில் இருந்தார்.

"காலைத் தூக்குங்கோ சிஞ்ஞோரா, கூட்ட வேணும்" என்றேன், இத்தாலியச் சீமாட்டியிடம் சொல்வதுபோல.

காலைத் தூக்கினார். எழும்பவில்லை.

"இப்ப சொல்லுங்கோ, வயசென்ன?"

"அறுபத்திரண்டு" என்றார். பிறகு கழுத்திலிருந்த அட்டையைத் தடவினார். "அந்த விதானையாரின்ரை பேரிலை மாதா கோயிலிலை ஒரு பூசை குடுக்க வேணுமெடி. இவ்வளவு நாள் திட்டினன், அந்தாளின்ரை பேர்கூட எனக்குத் தெரியாது."