சென்னம்மாவும் மலையோரப் பச்சையும்

தான் கறந்த பாலிலேயே தண்ணீர் இருக்குமோ என்று சந்தேகப்படுகிற பிறவி, பேரிகை ஊர்ச் சென்னம்மா. மகன் பெங்களூரோடு போய்விட்டான். முட்டி வலிக்காரிக்கு மிச்சமிருந்த ஒரே துணை பக்கத்து நிலத்துப் பொற்கொடிதான். சென்னம்மாவின் மாட்டையும் சேர்த்து மலையோரம் மேய்த்து வருவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பங்குனியில் மலை பற்றிக்கொண்டது. அடிவாரத்துக் கம்பெனியின் வண்டி வந்து, தீ கீழே இறங்காதபடி மலையோரம் நெடுகச் சிவப்புத் தண்ணீரைப் பீய்ச்சியது. தன் வைக்கோல் போர் தப்பியதில் சென்னம்மாவுக்கு மனசு குளிர்ந்து, வண்டிக்காரர்களுக்குச் சொம்பு சொம்பாக மோர் கொடுத்தாள். அடுத்த மழையில் சிவப்பு கரைந்தது. எல்லோரும் அதை மறந்தும் போனார்கள்.

ஆடியில் அந்த ஓரம் மட்டும் கருகருவென்று பச்சை கட்டி நின்றது. சென்னம்மாவுக்குப் பொறி தட்டியது. உரம் போடாமல் இந்த நிறம் வருமா? காட்டோரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி நிலத்தோடு சேர்த்துக்கொள்வது இந்த ஊரில் புதுசா என்ன? தினமும் அங்கே போய் வருகிறவள் பொற்கொடிதானே.

பால் சொசைட்டியில் நாலு பேர் முன்னால் கேட்டேவிட்டாள். "எத்தனை மூட்டை கொட்டினே? வளைச்சுப் போடப் பாக்கறியா?"

பொற்கொடி பால் கேனைக் கீழே வைத்தாள். "ஒரு பிடிகூடப் போடலக்கா."

"அப்படின்னா கற்பூரம் அணை."

கற்பூரச் சத்தியம் வாங்கிவிட்டால் அப்புறம் அந்த இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்கூடப் புழக்கம் இல்லை. அது ஊர் வழக்கம். முனியப்பன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள் பொற்கொடி. அப்போதும் சென்னம்மா, கை நடுங்குதா என்றுதான் உற்றுப் பார்த்தாள்.

பச்சை வளர்ந்தபின் பார்த்தால் முக்கால்வாசி பார்த்தீனியக் களை. மாடு மோந்துகூடப் பார்க்கவில்லை. வேளாண்மை ஆபீஸ் வினோதா மண்ணைச் சோதித்துவிட்டு வந்து சொன்னாள்: "அந்தச் சிவப்புத் தண்ணியில இருந்தது டிஏபி உரத்துல இருக்கற அதே உப்புதாங்கம்மா. மலை மண்ணு கஞ்சிக்குப் பழகினது. திடீர்னு விருந்து வச்சா, புல்லுக்கு முந்திக் களைதான் பந்தியில உக்காரும்."

ஊரையே சந்தேகப்பட்ட சென்னம்மா, கண்ணெதிரே கொட்டிய வண்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. மோர் வேறு கொடுத்தாள்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு பொற்கொடியின் வாசலுக்குப் போனாள். "தப்பு பண்ணிட்டேன்டி. ஒரு வாய் தண்ணி குடு."

பொற்கொடி எழுந்திருக்கவில்லை. "வழக்கம் உனக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். தெரிந்துதான் அன்றைக்குக் கற்பூரம் கேட்டாள். மறுநாள் மாட்டை அவளே அவிழ்த்துக்கொண்டு, முட்டியை நீவி நீவி, புல் இருக்கும் மேட்டுக்கு ஏறினாள்.